முருகனுக்கு ஒரு மூஞ்சி

பொய் சொல்லும்போது தன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் தெரியாது. ஆண்டவனாகப் பார்த்துக் கொடுத்த சலுகை அது. பொன்னுரங்கம் மாஸ்டருக்கு ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அந்தச் சலுகை நீடித்தது. கார்த்திகை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பறிபோனது.

குழாயடியில் பல் தேய்த்துவிட்டு உள்ளே வந்தவர், பீரோ கண்ணாடிக்கு முன்னால் மனைவி புஷ்பம் ஒரு தினுசாக நிற்பதைப் பார்த்தார். இடது கையை போன் மாதிரிக் காதோரம் வைத்திருந்தாள். புருவம் இரண்டும் பாதி நெற்றிக்கு ஏறியிருந்தன. கீழுதடு பிதுங்கியிருந்தது. கண் மட்டும் திருட்டுத்தனமாக வாசல் பக்கம் ஓடி ஓடி வந்தது. வலது கை, எதிரில் இல்லாத யாரையோ முதுகைத் தடவிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது.

"இன்னாமே இது? யாரு மாதிரி பண்ற?"

"தெரியலையா? 'இஸ்திரி போட்டுக்கினு கீது மேடம், ஹூக் மட்டும்தான் பாக்கி.' இப்பத் தெரியுதா?"

"நானா? என் மூஞ்சி இப்படியா கீது?"

"இதைவிட மோசமா கீது. மேடைக்குப் போவுதேன்னு நான் கொஞ்சம் அழகு பண்ணிக்கீறேன்."

"மேடைக்கா!"

மாஸ்டர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பயப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பொன்னுரங்கம் மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர். சட்டை, பேண்ட் எல்லாம் கிடையாது. பரதநாட்டிய உடுப்பு மட்டும்தான். அவர் வைக்கும் விசிறி மடிப்பு, அரைமண்டியில் உட்கார்ந்தால் முழுசாக விரியும், எழுந்தால் சொன்ன பேச்சுக் கேட்டு மடங்கும். கை அவ்வளவு நேர்மையான கை. வாய்க்குத்தான் அந்த நேர்மை ஒட்டவில்லை. துணியை வெட்டியே இருக்க மாட்டார், ஹூக் மட்டும் பாக்கி என்பார். கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "அடையார் பாலத்துமேல வந்துக்கினே கீறேன் மேடம்" என்பார். பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே என்று தையல் மெஷினை வேறு நாலு மிதி மிதிப்பார்.

அளவெடுக்கப் போவது புஷ்பம். நாலு வருஷத்துக்கு முன்னால் மந்தைவெளியில் நிலா டீச்சர் வகுப்புக்கு டேப்போடு போனவள், பாடம் முடியட்டும் என்று பின்னால் உட்கார்ந்திருந்தாள். நிலாவுக்கு முப்பது வயதுதான், புஷ்பத்தைவிடப் பதினாறு வயது சின்னவள். "உட்கார்ந்துக்கிட்டே காலால தாளம் போடறீங்களே புஷ்பம்மா, வந்து வரிசையில நில்லுங்க" என்றாள். அன்றைக்கு எழுந்த புஷ்பம் அப்புறம் உட்காரவே இல்லை. பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பில் அவள்தான் முதலில் வருவாள், கடைசியில் போவாள். இப்போது முதல் தடவையாகத் தனியாக ஒரு பதம் ஆடப் போகிறாள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், பெசன்ட் நகரில் ஒரு கோயில் மண்டபத்தில். இன்னும் எட்டே நாள்.

பதம் என்றால் துள்ளிக் குதிக்கிற சமாசாரம் இல்லை. பாட்டு மெதுவாகப் போகும், முகத்தாலும் கையாலும் கதை சொல்ல வேண்டும். இந்தக் கதையில் ஒரு பெண் முருகனையே புருஷனாக நினைத்துக் காத்திருக்கிறாள். முருகன் வேறெங்கேயோ தங்கிவிட்டு விடிந்த பிறகு வந்து பொய் சொல்கிறார்.

"சாமி பாட்டுல என்னை ஏன்மே இழுக்கிற?" என்றார் மாஸ்டர்.

"டீச்சர் இன்னா சொன்னாங்க தெரியுமா? சாமியை நெனச்சித்தான் ஆடணும். ஆனா சாமிக்கு ஒரு மூஞ்சி வேணும்ல? கண்ணால பார்த்த மூஞ்சியைத்தான் போட முடியும். நான் பொய் சொல்ற மூஞ்சின்னு வேற எதைப் பார்த்துக்கீறேன்? இருபத்தேழு வருசமா ஒரே மூஞ்சிதான்."

"யாரு யாரு வருவாங்க பாக்கறதுக்கு?"

"எரநூறு பேர் வருவாங்க. டான்ஸ் ஆடற புள்ளைங்க, அதுங்க அம்மாங்க, டீச்சருங்க."

அதாவது பொன்னுரங்கத்தின் வாடிக்கைக்காரர்கள், ஒருத்தர் பாக்கி இல்லாமல். இத்தனை வருஷமாக அவர் பொய்யைக் காதால் மட்டும் கேட்டவர்கள். போனில் வருகிற பொய்க்கு மூஞ்சி கிடையாது, அதனால்தான் பிழைப்பு ஓடுகிறது. மேடையில் அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்த்துவிட்டார்களானால் முடிந்தது கதை. மார்கழி சீசன் வருகிற நேரம். "ஹூக் மட்டும்தான்" என்று ஆரம்பித்தாலே எதிர்முனையில் சிரிப்பார்கள். அதைவிட, நாலு பேர் முன்னால் பொண்டாட்டி புருஷனைப் பிரித்துப் போட்டு அளவெடுப்பதா? மாஸ்டர் கட்டிலிலிருந்து சரேலென்று எழுந்தார்.

"வேணாம்மே. உன் கால்ல வேணா வியறேன்."

"வியு. அதையும் பார்த்து வச்சிக்கிறேன்."

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

பக்கத்துக் கடை கரீமுல்லா பாய் ஆரி வேலைக்காரர். மாஸ்டர் தைக்கிற ரவிக்கைக்கெல்லாம் ஜரிகைப் பூ போடுகிறவர். மூன்று தலைமுறையாகத் திருவல்லிக்கேணியில் இருக்கிற குடும்பம். மாஸ்டர் நேரே போய் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். பாய் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஒரு வழி கீது மாஸ்டர்."

"சொல்லு பாய், உயிரே போவுது."

"உங்க வீட்ல எதைப் பாக்கறாங்களோ அதைத்தானே ஆடுவாங்க? எட்டு நாளைக்குப் பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம பண்ணிடுங்க. நல்லவரா இருங்க."

"எட்டு நாளா!"

"நாங்க முப்பது நாள் நோன்பு புடிக்கிறோம். உங்களால எட்டு நாள் முடியாதா?"

"இருபத்தேழு வருசமா பார்த்ததை மறந்துடுவாளா பாய்?"

"புது மூஞ்சி வந்தா பழைய மூஞ்சி போயிடும் மாஸ்டர். பாலை ஊத்தி ஊத்திக் கழுவுங்க. காலையில டீ போட்டுக் குடுங்க. பூ வாங்கினு போங்க. கொழம்பு நல்லா கீதுன்னு சொல்லுங்க."

"அடேங்கப்பா, பாய்! உனக்கு இவ்ளோ மூளையா?"

பாய் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பொன்னுரங்கம் எழுந்து டீ போட்டார். நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டில் அவர் குடியிருக்கும் மாடியே அதைப் பார்த்து அதிர்ந்தது. எதிர்வீட்டு அம்மா, "புஷ்பத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், ஊதி ஊதி ஆற்றி, கட்டிலோரம் நீட்டினார்.

"இந்தா கண்ணு."

புஷ்பம் எழுந்து உட்கார்ந்து டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னா வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம்மே. சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா... சும்மா!"

பார்க்கிறாளா, நம்புகிறாளா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். கழுத்து வியர்வையைத் தோள்பட்டையால் துடைத்துக்கொண்டார். பாவம், நல்லவராக இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் இரண்டு முழம் மல்லியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். சோற்றில் குழம்பு விழுவதற்கு முன்னாலேயே "ஆகா, இன்னா ருசி!" என்றார். காய்ந்த புடவையை மடித்து வைத்தார். பதற்றத்தில் அது ஒரு மூட்டையாக வந்தது. "தலை வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நெற்றிப்பொட்டை அமுக்கிவிட்டார். புஷ்பம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நடுநடுவே அவரைத் தலை சாய்த்துப் பார்த்தாள். அளவெடுக்கும்போது அவள் பார்க்கிற அதே பார்வை.

வந்தது வரட்டும் என்று கடையிலும் நேர்மையை ஆரம்பித்தார். போன் அடித்தது. லஸ் மாமி. இரண்டு பெண்களும் நாட்டியம் ஆடுகிறார்கள். மாமி நல்லது சொன்னால் மயிலாப்பூரே வரும், கெட்டது சொன்னால் சந்துக்குள் ஈ, காக்கா வராது.

"என்ன பொன்னுரங்கம், பெரியவளோட டிரெஸ் என்ன ஆச்சு?"

"மாமி, உண்மையைச் சொல்லிடறேன். துணியை இன்னும் வெட்டவே இல்ல."

எதிர்முனையில் காபி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன சொல்றேள்? உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் கீறேன் மாமி. உண்மையைச் சொன்னேன்."

"வேண்டாம் பொன்னுரங்கம், பயமா இருக்கு. எப்பவும் போல ஹூக்தான் பாக்கின்னு சொல்லுங்கோ. ஆத்துல நிம்மதியா ரெண்டு வாய் காபி குடிச்சிண்டிருக்கேன்."

அட கஷ்டமே! பொய் சொன்னாலும் வம்பு, உண்மை சொன்னாலும் வம்பு என்றால் ஒரு மனுஷன் எதைத்தான் சொல்லுவது? மாஸ்டருக்குத் தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. புஷ்பத்துக்கான உடுப்பை, அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை, இரண்டு நாள் முன்னதாகவே முடித்து, ஹூக் வைத்து, இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்தார். அவர் கடை வரலாற்றில் நேரத்தோடு முடிந்த முதல் உருப்படி அதுதான்.

உடுப்பைக் கொடுத்த அன்றைக்கே தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த போன் மூஞ்சி எந்த மட்டுக்கும் வந்துக்கீது?"

"அதை வுட்டுட்டேன்."

"வுட்டுட்டியா!"

"ஆமா. டீச்சரும் வேணாம்னுட்டாங்க."

"நெஜமா? என் மேல சத்தியமா?"

"உன் மேல சத்தியம் பண்ணா யாரு நம்புவா? எங்கம்மா மேல சத்தியமா வுட்டுட்டேன்."

மாஸ்டர் அன்றைக்கே குளக்கரையில் தேங்காய் வாங்கி முருகன் சன்னதிக்குப் போய் உடைத்துவிட்டு வந்தார். கரீமுல்லா பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என் மானத்தைக் காப்பாத்திட்ட பாய்" என்றார். பாய் ஏனோ அவர் கண்ணைப் பார்க்காமல், "எல்லாம் மேல கீறவன் செயல்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிரம்பியிருந்தது. மாஸ்டர் வேஷ்டி, வெள்ளைச் சட்டையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் லஸ் மாமி. இன்னொரு பக்கம் கரீமுல்லா பாயும் அவர் மனைவி வஜீஹாவும். திரும்பின பக்கமெல்லாம் அவருடைய பொய்யைக் கேட்ட முகங்கள். போன் மூஞ்சி இல்லை, போன் மூஞ்சி இல்லை என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. புஷ்பம் வாசலைப் பார்ப்பதும், விளக்கைத் தூண்டுவதும், காலடிச் சத்தம் கேட்டு எழுவதும், இல்லை என்று உட்காருவதுமாக அந்தப் பெண் காத்திருக்கிற தவிப்பை அபிநயித்தாள். சபை அசையாமல் பார்த்தது. அப்புறம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினாள். இப்போது அவள்தான் வந்து நிற்கிற முருகன். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கை காதுக்குப் போகவில்லை. புருவம் ஏறவில்லை. அப்பாடா!

கை முதுகுக்குப் பின்னால் போனது.

பின்னால் மறைத்திருந்த பூச்சரத்தை முருகன் மெதுவாக வெளியே எடுத்தார். எடுக்கும்போதே ஓரக்கண்ணால் ஒரு பார்வை. பார்க்கிறாளா? நம்புகிறாளா? பால் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஊதி ஊதி ஆற்றி நீட்டினார். மறுபடி ஒரு பார்வை. வியர்வையைத் தோள்பட்டையால் துடைத்துக்கொண்டார். அவள் இலை போடுவதற்குள்ளேயே ருசி பிரமாதம் என்று தலையை ஆட்டினார். கொடியில் கிடந்த மேலாடையை எடுத்து மடித்தார், அது மூட்டையாக வந்தது, அதைப் பின்னால் ஒளித்தார். சபை கொல்லென்று சிரித்தது. தலை வலிக்கிறதா என்று ஜாடையில் கேட்டுப் பதில் வருவதற்குள் நெற்றிப்பொட்டை அமுக்கினார். சிரிப்பு மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய் மோதித் திரும்பி வந்தது.

பொன்னுரங்கம் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார். வாய்விட்டுக் கத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. பதறிப்போய்த் தோள்பட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. லஸ் மாமி பார்த்துவிட்டாள். மேடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முன் வரிசைக்காரியின் முதுகைத் தட்டினாள். அவள் திரும்பினாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் திரும்பினாள்.

மாமி அவர் காதருகில் குனிந்து கேட்டாள். "ஏன் பொன்னுரங்கம், எங்காத்துக்காரர் இப்படிக் குழைஞ்சா நான் மொதல்ல அவர் போனை வாங்கிப் பார்த்துடுவேன். அப்படி என்ன தப்புப் பண்ணினேள்?"

"ஐயோ மாமி, நான் ஒண்ணுமே பண்ணல!"

"அதைத்தான் முருகனும் அங்க சொல்லிண்டிருக்கார்."

நல்லவராக இருந்த எட்டு நாளுக்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள். துணி தாமதம் என்கிற சின்னப் பொய் மறைந்துபோய், என்னவென்றே தெரியாத ஒரு பெரிய தப்பு அவர் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இருநூறு பேரும் அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பாட்டு மாறியது. கடைசி அடி, ரொம்ப மெதுவாக. புஷ்பம் மறுபடி அந்தப் பெண்ணாகிவிட்டாள். எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. பூவைப் பார்த்தாள், கீழே வைத்தாள். போ என்று கதவைச் சாத்தினாள். சாத்தின கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். நீ சொல்வது அத்தனையும் பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை என்னிடம்தானே வந்து சொல்கிறாய், முருகா? நான் சாத்தினால் நீ எங்கே போவாய்? கண் நிறைந்து வழிய, கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு, எதிரில் நிற்பது மனுஷன் இல்லை சாமி என்று அப்போதுதான் தெரிந்த மாதிரி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

சிரித்த சபை அழுதது. பொன்னுரங்கமும் அழுதுவிட்டார். அவமானமெல்லாம் அந்த ஒரு நிமிஷம் எங்கே போயிற்றோ தெரியாது. என் பொண்டாட்டி, அவள் கட்டியிருப்பது நான் தைத்தது என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு. நல்லவேளை, அதற்குள் கைதட்டல் முந்திக்கொண்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் நிலா டீச்சர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்டர், உங்களுக்குத்தான் முதல் நன்றி. புஷ்பம்மாவுக்குப் பொய் சொல்ற முகம் நல்லா வந்துடுச்சு. ஆனா இந்த நாயகன் பயந்துபோய்க் குழையறவன். அது மட்டும் வரவே இல்ல. 'எங்க வீட்ல அவர் ஒருநாளும் குழைஞ்சதே இல்லையே டீச்சர், எங்கே போய்ப் பாப்பேன்?'னு அழுதாங்க. ரவிக்கை குடுக்க வந்த வஜீஹா அக்காகூடப் பக்கத்துல இருந்தாங்க."

"எப்போ இது?"

"பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும்."

பத்துப் பன்னிரண்டு நாள். கண்ணாடி முன்னால் அவள் போன் பிடித்து நின்றதற்கு முன்னாலேயே. வேண்டுமென்றே, அவர் பல் தேய்த்துவிட்டு வருகிற நேரம் பார்த்து நின்றிருக்கிறாள்! மாஸ்டர் மெல்லத் திரும்பிக் கரீமுல்லா பாயைப் பார்த்தார். பாய் தன் மனைவியைப் பார்த்தார். வஜீஹா மண்டபத்து மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள்.

"பாய்! நீயுமா?"

"வீட்ல சொன்னதைத்தான் உங்க கைல சொன்னேன் மாஸ்டர். நான் இன்னா பண்ணட்டும்? எனக்கும் வீடுன்னு ஒண்ணு கீதுல்ல?"

ஆட்டோவில் ஏறும்போது பொன்னுரங்கம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பேசக் கூடாது. மூன்று நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. டீ கிடையாது, பூ கிடையாது, கண்ணு கிடையாது. ஆம்பளை என்றால் ஒரு ரோஷம் வேண்டாமா?

அடையார் பாலம் வந்தது. முகத்தை வெளியே திருப்பி, மோவாயைத் தூக்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ்" என்றாள் புஷ்பம்.

மோவாய் இன்னும் ஒரு அங்குலம் ஏறியது.

"கோவமா?"

மூக்கால் ஒரு மூச்சு விட்டார்.

புஷ்பம் குனிந்து, நிமிர்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்ந்து அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆங், அப்படியே இரு. மார்கழிக்கு டீச்சர் அடுத்த பதம் குடுத்துட்டாங்க. அதுல முருகன் கோவிச்சுக்கினு மூணு நாள் பேசாம உக்காந்திருப்பாரு."

மாஸ்டர் பதறிப்போய்ச் சட்டென்று பல் தெரியச் சிரித்தார்.

"ஐய, இது ஆடி முடிச்ச மூஞ்சி" என்றாள் புஷ்பம். "அந்தக் கோவ மூஞ்சியைப் போடு."